வழியில் நின்ற மடல்: யூனிக்ஸ் கணினியில் மின்னஞ்சற் சேர்ப்பும் பகுப்பும்

தீவக மக்கள் கடிதத்தின் அருமையை நன்கறிந்தவர்கள். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலாய ஊர்களிலிருந்து முன்னர்த் தொழிலின் பொருட்டும், பின்னர்ப் போரின் கொடுமையாலும் புறப்பட்டவர்கள் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பரந்து வாழ்கின்றனர். ஊரில் நிகழும் நன்மை தீமைகளை அவர்களுக்கு உரைத்தற்கும், அவர்கள் ஊருக்குச் செய்யும் உதவியைப் பெறுதற்கும் ஒரு காலத்தில் தபாற் கந்தோரே வாயிலாக இருந்தது. அவ்விடத்தை இன்று பெரும்பாலும் மின்னஞ்சல் பற்றிக்கொண்டது. பள்ளிக்கூடங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தம் கணக்கு, அறிக்கை, விண்ணப்பம் யாவற்றையும் அதன் வழியே நடத்துகின்றன.

கடிதம் தவறினால் தபாற் கந்தோரிற் சென்று கேட்கலாம். மின்னஞ்சல் தவறினால் யாரைக் கேட்பது? அனுப்பியவர் ‘அனுப்பிவிட்டோம்’ என்கிறார்; பெறவேண்டியவர் ‘வரவில்லை’ என்கிறார். இருவர் கூற்றும் மெய்யே. இடையில் மடல் எங்கோ நிற்கின்றது. அது புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்த வறிய மாணவனின் மடலாயின், முடிவு நாள் கடந்தபின் அதனைக் கண்டெடுத்தும் பயனில்லை. ஆதலின், மடல் நின்ற இடத்தைக் காலத்தோடு கண்டறியும் முறையை மாணாக்கரும், சங்கங்களிற் செயலாளர் பொறுப்பை ஏற்போரும் அறிந்திருத்தல் வேண்டும். அதனை எளிய முறையில் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். கணினியைப் பற்றியதாயினும் இது தமிழாசிரியர்க்குப் புறம்பான பொருளன்று. இடர்களுட் பெரியதொன்று நம் தமிழெழுத்தின் வழியாகவே வருகின்றது என்பதனைக் கீழே காண்போம்.

மடல் செல்லும் வழி

ரொறன்ரோவிலிருந்து நெடுந்தீவுக்கு வரும் கடிதம் ஒன்றை நினைத்துப் பார்ப்போம். அது கொழும்பு வந்து, யாழ்ப்பாணம் வந்து, பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியே புங்குடுதீவின் குறிகாட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கே படகேறி நெடுந்தீவை அடைகின்றது. பின்னர் அவ்வூர்த் தபாற் கந்தோரிலே பிரிக்கப்பட்டு வீட்டுக்குப் போகின்றது. ஒவ்வொரு கந்தோரும் அடுத்த கந்தோருக்கு ஒப்படைத்தவுடன் தன் பொறுப்பு நீங்கியதாகக் கொள்கிறது.

மின்னஞ்சலும் இவ்வாறே கைமாறிச் செல்வது. 1971ஆம் ஆண்டில் ரே ரொம்லின்சன் என்பார் இரு கணினிகளுக்கிடையே மடலை அனுப்பி, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க ‘அட்’ என்னுங் குறியை அமைத்தார். 1982இல் ஜோன் போஸ்ரல் என்பார் எஸ்.எம்.ரி.பி. என்னும் ஒப்படைப்பு முறையை வகுத்தார். அம்முறையே திருத்தங்களோடு இன்றும் நிலவுகின்றது. யூனிக்ஸ் கணினிகளில் இவ்வொப்படைப்பைச் செய்யும் நிரல்களுள் எரிக் ஓல்மன் பேர்க்லியில் ஆக்கிய சென்ட்மெயில் முந்தியது. 1995இல் கேம்பிரிட்ஜில் எக்சிம் என்பதும், 1998இல் வீற்சே வெனமா என்பார் வெளியிட்ட போஸ்ற்ஃபிக்ஸ் என்பதும் தோன்றின. இவை கந்தோர்கள் போல்வன. வந்த மடலை எந்தப் பெட்டியில் இடுவது என்று பிரிக்குந் தொழிலைச் செய்வன வேறு நிரல்கள். 1990இல் ஸ்ரீபன் வான் டென் பேர்க் என்பார் ஆக்கிய புரொக்மெயில் அவற்றுள் நெடுங்காலம் வழங்கியது.

எனவே, மடல் வரவில்லை என்றால் முதலிற் கேட்கவேண்டிய வினா ஒன்றே: கந்தோருக்கு வரவில்லையா, வந்து பிரிக்கும்போது வேறு பெட்டியில் விழுந்ததா? இவ்விரண்டையும் பிரியாது தேடுவோர் வீணே உழல்வர்.

இன்னுமொன்றை மனங்கொள்ளல் வேண்டும். தபாற்காரர் உறையின்மேல் உள்ள முகவரியையே பார்க்கிறார். உள்ளே ‘அன்புள்ள தம்பிக்கு’ என்றிருப்பதைப் பார்ப்பதில்லை. மின்னஞ்சலுக்கும் உறை வேறு, உள்ளே எழுதிய தலைப்புகள் வேறு. கணினிகள் தமக்குள் ஒப்படைக்கும்போது கூறும் முகவரியே உறை. நாம் திரையிற் காணும் ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ என்பன உள்ளே எழுதியவை. இரண்டும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதியில்லை. ஒரு சங்கத்தின் பொது முகவரிக்கு வரும் மடல் உறுப்பினர் நூற்றுவருக்குப் போகும்போது உள்ளே சங்கத்தின் பெயரே நிற்கும். உறையிலேதான் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். ‘பெறுநர்’ என்னும் தலைப்பில் தம் பெயரைத் தேடும் விதியை எழுதியவர், அம்மடல் விதிக்கு அகப்படாது போவதைக் கண்டு மயங்குவது இதனாலேயே.

கந்தோர் கூறும் மூவகை விடை

ஒப்படைக்கப்படும் கணினி மூன்று இலக்கமுள்ள எண்ணாலே விடை கூறும். முதல் இலக்கமே நமக்கு முதன்மையானது. 2 என்று தொடங்கினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 4 என்று தொடங்கினால் ‘இப்போது இயலாது, பின்னர் வருக’ என்பது பொருள். 5 என்று தொடங்கினால் ‘ஏற்கமாட்டோம்; திரும்ப வரவேண்டா’ என்பது பொருள்.

சோளகக் காற்று மிகுந்து கடல் கொந்தளிக்கும் நாளில் நெடுந்தீவுப் படகு புறப்படாது. தபாற் பை இறங்குதுறையிலே காத்திருக்கும்; கடிதத்துக்குக் கேடில்லை. 4 என்னும் விடை அத்தன்மையது. அனுப்பும் கணினி மடலை வரிசையிலே வைத்து இடையிட்டு இடையிட்டு முயலும். முயற்சிகளுக்கிடையே அரைமணி நேரமாவது விடுதல் வேண்டும் என்றும், நான்கைந்து நாட்களேனும் முயன்ற பின்னரே கைவிடல் வேண்டும் என்றும் விதிநூல் கூறுகின்றது. 5 என்னும் விடையோ அவ்வூரில் அப்பெயருடையார் இலர் என்று கடிதம் மீள்வதை ஒக்கும். அங்கே காத்திருத்தலாற் பயனில்லை. முகவரியையோ அமைப்பையோ திருத்தல் வேண்டும்.

சில கணினிகள் முன்பின் அறியாத இடத்திலிருந்து வரும் மடலுக்கு வேண்டுமென்றே முதலில் 4 என்று விடை கூறும். குப்பை மடல்களை ஆயிரக்கணக்கில் வீசுவோர் மீண்டும் வருவதில்லை. நேர்மையான கந்தோர் மீண்டும் வரும். இந்நுட்பம் 2003 அளவில் வழக்கிற்கு வந்தது. ஆகவே முதன்முறை எழுதுவோரின் மடல் சிறிது தாழ்த்து வருவது பழுதன்று.

வரிசையிற் கிடப்பன யாவை என அறிய ‘மெயில்கியூ’ என்னுங் கட்டளை உண்டு. அது ஒவ்வொரு மடலையும், அது நின்ற காரணத்தையும் காட்டும். இடர் நேர்ந்தால் முதலிற் செய்யத்தக்கது இதுவே.

பிரிக்கும் விதிகள்

புரொக்மெயிலின் விதிகள் ஒரு கோப்பிலே வரிசையாக எழுதப்படுகின்றன. ஒவ்வொரு விதியும் முக்காற்புள்ளியோடும் சுழியத்தோடும் தொடங்கும். அடுத்து உடுக்குறியிட்டு நிபந்தனை வரும். அதன் கீழ், மடலை எங்கே இடுவது என்பது வரும். நிரல் மேலிருந்து கீழாக வாசித்து, முதலிற் பொருந்திய விதியின்படி மடலை இட்டு அவ்வளவில் நின்றுவிடும். இங்கே நேரும் பிழைகளை நால்வகையாகக் கொள்ளலாம்.

முதலாவது, வரிசைப் பிழை. பொது விதி மேலேயும் சிறப்பு விதி கீழேயும் எழுதப்பட்டால், சிறப்பு விதிக்கு வேலையே இல்லாது போகும். இலக்கணத்திற் பொதுவிதி கூறிப் புறனடையைப் பின்னர்க் கூறுவது மரபு. இங்கே அம்மரபு தலைகீழாகும். புறனடை முன்னே நிற்றல் வேண்டும்.

இரண்டாவது, மிகைபடக் கூறல். பரிசுச் சீட்டு மோசடி மடல்களை விலக்கக் கருதி ‘பிரைஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் வரும் மடல்களையெல்லாம் குப்பையில் இடுமாறு ஒருவர் விதி எழுதுகிறார் எனக் கொள்வோம். கல்லூரியின் ‘பிரைஸ் டே’ அழைப்பும் அதனோடு போகும். மோசடி குறைந்ததென மகிழ்வார். விழாவுக்கு ஏன் ஒருவரும் வரவில்லை என வருந்துவார்.

மூன்றாவது, உரிமைப் பிழை. விதிக்கோப்பு பிறர் எவரும் எழுதத்தக்கதாகத் திறந்திருப்பின், புரொக்மெயில் அதனை ஐயுற்று வாசியாது விட்டுவிடும். விதியில் எழுத்துப் பிழை இல்லை. ஆயினும் ஒரு விதியும் இயங்காது. இந்நிலையில் முதலில் ஆராயவேண்டியது கோப்பின் உரிமையே.

நான்காவது, மீளாக் குழி. யூனிக்ஸில் ‘நல்’ என்னும் வெற்றிடமொன்று உண்டு. அதில் இட்டது இல்லாமற் போய்விடும். குப்பை என்று கருதியதை அங்கே அனுப்பும் விதியை எழுதவே கூடாது. தனிப் பெட்டியொன்றில் இட்டு, வாரத்துக்கொருமுறை கண்ணோட்டஞ் செய்து பின்னர் அழித்தலே அறிவுடைமை. மேலும், விதிகளின் உச்சியிலே, வரும் ஒவ்வொரு மடலிலும் ஒரு படியைத் தனியிடத்திற் சேர்க்கும் விதியை எழுதுதல் நன்று. கீழுள்ள விதிகள் எவ்வளவு பிழைத்தாலும் மடல் இழக்கப்படாது.

தமிழெழுத்தால் வரும் இடர்

இனி நமக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். மின்னஞ்சல் தோன்றிய காலத்தில் ஆங்கில எழுத்துகளையே கருத்திற் கொண்டு அதன் வழிகளை அமைத்தனர். பிற மொழியெழுத்துகள் அவ்வழியே சிதையாது செல்லுதற்கு 1992இல் ‘மைம்’ என்னும் முறை வகுக்கப்பட்டது. அதன்படி தமிழ்த் தலைப்பு ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக மாற்றப்பட்டே அனுப்பப்படுகின்றது. பெறுபவர் திரையில் மீண்டும் தமிழாகின்றது. இடையிலுள்ள கணினிகள் காண்பது தமிழன்று.

‘அம்மா’ என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி அ, ம், மா என எழுத்து மூன்று. யூனிகோட் முறையிலோ அ, ம, புள்ளி, ம, கால் எனக் குறியீடு ஐந்து. மகர மெய்யின்மேல் அகரம் ஏறி மகரவுயிர்மெய் ஆயிற்று என்பது நாம் படிப்பிப்பது; கணினியோ ‘ம’வை முதலாகக் கொண்டு, புள்ளியிட்டு மெய்யாக்குகின்றது. யூ.ரி.எஃப். 8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைற்று இடங்கொள்ளும். ஆகவே பைற்று பதினைந்து. ‘பேஸ் 64’ என்னும் மாற்றம் மூன்று பைற்றுகளை நான்கு எழுத்தாக்கும். ஆகவே கம்பியிலே செல்லும் எழுத்து இருபது. மூன்றெழுத்துச் சொல் இருபதெழுத்தாகிச் செல்கின்றது.

புலமைப்பரிசில் விண்ணப்பங்களைத் தனிப் பெட்டியில் இடவேண்டிய ஒரு சங்கம் ‘புலமைப்பரிசில்’ என்னுஞ் சொல் தலைப்பில் வந்தால் என்று தமிழிலேயே புரொக்மெயில் விதி எழுதியது எனக் கொள்க. அவ்விதி பெரும்பாலும் இயங்காது. புரொக்மெயில் மாற்றத்தை மீட்டுப் பாராது. வந்த உருவத்தையே பார்க்கும். ‘அவ்வாறாயின் மாறிய உருவத்தையே விதியில் எழுதுவோம்’ என ஒருவர் கூறலாம். அதுவும் பொய்க்கும். மூன்று மூன்று பைற்றாக எண்ணி மாற்றப்படுதலின், அச்சொல்லின் முன்னே ஓர் இடைவெளியோ ஓர் எண்ணோ நின்று ஒரு பைற்றைக் கூட்டினால், எண்ணும் எல்லை நகர்ந்து உருவம் முற்றும் வேறாகும். இரண்டு பைற்றுக் கூடினால் இன்னொரு வேறுருவம். இவ்வாறு ஒரே சொல்லுக்கு மூன்று தோற்றம் உண்டு. ஒன்றைக் காட்டி எழுதிய விதி மற்றை இரண்டையும் விட்டுவிடும்.

அன்றியும், மாற்றப்பட்ட துண்டு ஒவ்வொன்றும் 75 எழுத்துக்கு மேற்படலாகாது என்பது விதி. முன்னும் பின்னும் நிற்கும் குறிகளைக் கழித்தால் ஒரு துண்டில் ஏறத்தாழப் பதினைந்து தமிழ்க் குறியீடுகளே அடங்கும். ‘புலமைப்பரிசில்’ தனித்து நின்றால் பதினான்கு குறியீடு. ஒரு துண்டில் அடங்கும். அதன் முன்னே ‘இவ்வாண்டுப்’ என ஓர் அடைமொழி வந்தால் சொல் நடுவிலே வெட்டுண்டு இரு துண்டிற் கிடக்கும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவனவும் வேறாதல் உண்டு. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடில்லை, ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு அவை வெவ்வேறு. ‘கொழும்பு’ என்று தேடும் விதி சில மடல்களைப் பிடித்துச் சிலவற்றை விடுவதற்கு இதுவுமொரு காரணம். பழைய மடல்களிலோ இடர் இன்னும் மிகுதி. 1990களில் இணையத் தமிழ்க் குழுக்கள் ‘மயிலை’, ‘இணைமதி’ முதலாய எழுத்துருக்களை ஆண்டன. பின்னர் ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியேட்டை வகுத்தன. 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் அன்பர்கள் உலகெங்கும் இருந்து மின்னஞ்சலாலே இணைந்து பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றினர். அக்கால மடல்களில் இன்றைய யூனிகோட் சொல்லைத் தேடினாற் கிடையாது.

இவ்விடர்க்கு மருந்து உண்டு. ‘சீவ்’ என்பது 2001இல் வகுக்கப்பட்ட பகுப்பு மொழி. சல்லடை என்பது அப்பெயரின் பொருள். அதன் விதிநூல், தலைப்பை முதலில் மீட்டு யூ.ரி.எஃப். 8 ஆக்கிய பின்னரே ஒப்பிடல் வேண்டும் என்கின்றது. அதனை இயக்கும் டவ்கொற் முதலிய நிரல்களில் தமிழ்ச் சொல்லைத் தமிழாகவே எழுதலாம்; துண்டுபட்ட சொல்லும் ஒன்றாகும். புரொக்மெயிலையே ஆளவேண்டியிருப்பின், தலைப்புச் சொல்லை நம்பாது, ஒவ்வொரு தொழிலுக்கும் தனி முகவரி அமைத்து அம்முகவரியைக் கொண்டு பிரித்தல் நேரிது. முகவரி ஆங்கில எழுத்திலிருத்தலின் மாற்றமுறாது. தமிழ் முகவரிக்கும் வழி திறந்துள்ளது. 2010இல் ‘.இலங்கை’ என்னும் தமிழ்க் களப்பெயர் அளிக்கப்பட்டது. 2012இல் பிற மொழியெழுத்து முகவரிகளுக்கான விதி வெளிவந்தது. ஆயினும் வழியிலுள்ள கணினி யாவும் அதனை ஏற்றால் மட்டுமே மடல் சென்றடையும்.

குப்பை மடலை மதிப்பிடும் ஸ்பாம் அசாசின் என்னும் நிரலையும் ஈண்டுக் கூறல் வேண்டும். அது ஒவ்வொரு குறைக்கும் புள்ளி இட்டு, வழக்கமாக 5 புள்ளி எய்தியதைக் குப்பை என்னும். அதிலுள்ள மொழியறியும் பகுதியை இயக்கி, ஆங்கிலம் ஒன்றே ஏற்புடையது என அமைத்துவிட்டால், தாய் மகனுக்குத் தமிழில் எழுதிய மடலுக்கும் புள்ளி ஏறும். தமிழர் ஆளும் கணினியில் தமிழும் ஏற்புடைய மொழி என்று எழுதப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் நம் கடன்.

அனுப்பியவரை ஐயுறல்

உறையின் பின்புறத்தில் யார் பெயரையும் எழுதலாம் அன்றோ? அவ்வாறு பிறர் பெயரால் எழுதுவோரைத் தடுக்க மூன்று காவல்கள் உள்ளன. எஸ்.பி.எஃப். என்பது, எங்கள் பெயரால் மடல் அனுப்பும் உரிமையுள்ள கணினிகள் இவை என்று களப்பெயருக்கு உரியவர் அறிவிப்பது. டிக்கிம் என்பது மடலின்மேல் இடும் முத்திரை. மடல் மாற்றப்பட்டால் முத்திரை உடையும். டிமார்க் என்பது இவ்விரண்டும் பொய்த்தால் என்ன செய்வதென்று கூறும் அறிவிப்பு. 2024 பெப்புருவரி முதல் கூகிள் நிறுவனம், தன் பயனர்க்கு மடல் எழுதுவோர் முதலிரண்டில் ஒன்றையேனும், நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புவோர் மூன்றனையும் உடையராதல் வேண்டும் என விதித்தது.

சங்கங்களுக்கு இதனால் எதிர்பாராத இடர் வரும. சங்க முகவரிக்கு வந்த மடலை நம் கணினி உறுப்பினருக்கு அப்படியே திருப்பி அனுப்பும்போது, எழுதியவர் களத்தின் அனுமதி நம் கணினிக்கு இல்லை, எஸ்.பி.எஃப். பொய்க்கும். முத்திரை உடையாதிருப்பின் மடல் தப்பும். ஆனால் தலைப்பிலே சங்கத்தின் பெயரை ஒட்டினாலோ, அடியிலே ஒரு வாசகத்தைச் சேர்த்தாலோ முத்திரையும் உடையும். ஆகவே, திருப்பி அனுப்பும் மடலில் யாதொன்றையுங் கூட்டற்க. கூட்டல் இன்றியமையாததாயின், சங்கத்தின் பெயராலேயே அனுப்புக.

ஆராயும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து, இடர் நேர்ந்துழிச் செய்யவேண்டியதை வரிசைப்படுத்துவோம்.

1. எவர், எவருக்கு, எந்நாள், எந்நேரம் எழுதினார் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்க. ‘ஒன்றும் வருவதில்லை’ என்னும் பொதுமொழியை ஏற்கற்க.

2. மெயில் லாக் என்னும் பதிவேட்டிலே அம்முகவரியைத் தேடுக. ஒவ்வொரு மடலுக்கும் ஒரு வரிசை அடையாளம் உண்டு. அதனைப் பற்றிச் சென்றால் மடலின் வரலாறு முழுவதும் தெரியும். பதிவேட்டில் அம்மடல் இல்லையெனின் அது நம் வாசலை அடையவில்லை. அனுப்பியவர் பக்கமே ஆராயத்தக்கது.

3. போஸ்ற்ஃபிக்ஸ் பதிவேட்டில் ‘சென்ட்’ என்றிருந்தால் அடுத்த கைக்கு ஒப்படைத்ததென்பதே பொருள். பெட்டியில் விழுந்ததென்பது பொருளன்று. ஒப்படைத்தது புரொக்மெயிலுக்காயின், அதன் பதிவேட்டைத் தனியே காண்க. அப்பதிவேட்டை முன்னரே இயக்கி வைத்திருத்தல் வேண்டும்.

4. வந்து சேர்ந்த மடல் தாழ்த்து வந்ததாயின், அதன் ‘ரிசீவ்ட்’ வரிகளைக் கீழிருந்து மேலாக வாசிக்க. நேரங்களை ஒரு நிலைப்படுத்துக. ரொறன்ரோவிற் குளிர்காலக் காலை 7.10 என்பதும் இலங்கையில் மாலை 5.40 என்பதும் ஒரே கணமாம். வரிகளுக்கிடையே பெரிய இடைவெளி எங்குண்டோ, அங்கேதான் மடல் காத்திருந்தது.

5. விதியைத் திருத்தியபின், சேமித்து வைத்த பழைய மடலொன்றை அவ்விதியூடாகச் செலுத்திப் பார்த்த பின்னரே புழக்கத்தில் விடுக. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றினால் நோய் தீர்த்த மருந்து எதுவென அறியமுடியாது.

6. தமிழ்த் தலைப்புடைய மடல் ஒன்றும் ஆங்கிலத் தலைப்புடைய மடல் ஒன்றும் அனுப்பிச் சோதிக்க. ஒன்று வந்து மற்றது வாராதாயின் இடர் எங்குள்ளதென்பது தானே விளங்கும்.

இம்முறைகளுள் ஒன்றேனும் அரிய கல்வியை வேண்டுவதன்று. வேண்டுவன பொறுமையும், பதிவேட்டைப் படிக்கும் பழக்கமும், வழியை ஒவ்வொரு படியாகப் பிரித்து நோக்கும் மனமுமே. சொற்றொடரைப் பதம் பிரித்துப் பொருள்காணப் பழகிய மாணாக்கருக்கு இவை புதியனவல்ல. நம் கல்லூரியின் மேல்வகுப்பு மாணாக்கருள் இருவரேனும் இத்தொழிலைக் கற்று, தத்தம் ஊர்ச் சங்கத்தின் மடற்பெட்டிகளுக்குப் பொறுப்பேற்பாராயின், முடிவு நாளுக்கு முன்னர் எழுதிய விண்ணப்பம் முடிவு நாளுக்கு முன்னரே வாசிக்கப்படும். கடலுக்கு அப்பாலிருக்கும் உறவினர் அனுப்பும் ஒரு வரியும் வழியில் நில்லாது வீடு சேரும்.